ஓசி விளம்பரம்

ஜூலை 2, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் ஓசியில் வந்தது. மணியருவி பம்ப்செட் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மணியருவி: நீர் நிற்காது’ என்று நீல எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதமாக ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவிவிட்டேன். மேசை ஆடினால் ஆடட்டும்.

காரணம் கோபம்தான். கோவையில் நான் விளையாட்டு நிருபரான காலத்தில் கார் பந்தயம் என்றால் அரைப் பக்கம். இப்போது நான் எழுதி அனுப்புவது சென்னையில் வெட்டுப்பட்டு, கோழியை உரித்தாற்போல் வருகிறது. பேப்பரில் வராததை இங்கேயாவது முழுதாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டால், அங்கே மட்டும் யார் படிக்கிறார்கள்?

இன்று சீசனின் முதல் சுற்று. காலை எட்டரைக்கு பழைய கார் வகுப்பு. ரோட்டில் ஓடி ஓய்ந்த கார்களை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப்போட்டு, உள்ளே இரும்புக்குழாய்க் கூண்டு வைத்து ஓட்டுகிறவர்கள். ஒற்றை இருக்கை வைத்த பளபளா கார்களுக்கு மதியத்துக்கு மேல் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான் கூட்டமும் கேமராவும். இவர்கள் கல்யாணப் பந்தலைக் கூட்டுகிறவர்கள் மாதிரி, ஆள் வருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். நேரலைக்காரர்கள் அந்த நேரத்தில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையாளர் அறையில் நான் ஒருவன். மிச்ச நாற்காலிகளில் டயர் அடுக்கியிருந்தார்கள்.

சுந்தராபுரம் திருமூர்த்தி மூன்றாவதாக வந்தார். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர், முப்பத்தெட்டு வயது, பழைய வெள்ளை எஸ்டீம். கடைசிச் சுற்றில் மூன்றாம் திருப்பத்தில் உள்பக்கமாகப் புகுந்து ஒருவரை முந்தினார் பாருங்கள், நான் தனியாக நின்று கைதட்டினேன். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பேப்பரில் போட்டோகிராபர் வேலையை எடுத்துவிட்டதால் என் போனிலேயே படமும் எடுத்து, அருமையாக ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். வீட்டில் தண்ணீர் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. அதுவும் மணியருவிதான்.

ஜூலை 3, திங்கள்

எழுதியதில் வந்தது இரண்டு வரி. படத்தில் காரின் கூரையும் திருமூர்த்தியின் ஹெல்மெட்டும் மட்டும். சென்னை டெஸ்க்கில் இருக்கும் பிரசன்னாவுக்குப் போன் போட்டேன். என் மகள் வயதுப் பையன், மரியாதையாகத்தான் பேசுவான்.

“சார், கார் கதவு முழுக்க ‘மணியருவி’ன்னு இருக்கு சார். விளம்பரம் குடுக்காத கம்பெனி பேர் செய்திப் படத்துல வரக் கூடாது. மேனேஜ்மென்ட் ஆர்டர். ஓசி விளம்பரம் ஆயிடும்.”

“அதுக்குக் காரையே வெட்டுவியாப்பா?”

“கூரை இருக்கே சார்.”

கூரை இருக்கிறது. தெய்வமே என்று போனை வைத்தேன்.

ஜூலை 12, புதன்

திருமூர்த்தி ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் அந்தப் பேப்பர், நான்காக மடித்தது. நகக்கண்ணில் கிரீஸ். உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றார்.

“இந்தப் படத்துல எம் பேரே தேவையில்லைங்க சார். கம்பெனி பேரு ஒண்ணு தெரிஞ்சிருந்தாப் போதும்” என்றார்.

விஷயம் இதுதான். அவருக்கு டயரும் பந்தயக் கட்டணமும் கொடுப்பது மணியருவி. மேனேஜர் தேவராஜன் இந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டாராம்: சீசன் முடிவதற்குள் பேப்பரில் ஒரு படம், கம்பெனி பேர் தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் கிடையாது.

“ஒரே ஒரு படமுங்க சார். பெருசா வேண்டாம். பேரு மட்டும் படிக்கிற மாதிரி.”

வெட்டுகிற விதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வெட்ட முடியாத எடத்துல பேரு இருந்துச்சுன்னா?” என்றார்.

“அப்போ காரை முழுசாப் போட வேண்டியதுதான்” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

போகும்போது கேட்டேன், “இது போனாப் போகட்டும் திருமூர்த்தி, ஒர்க்‌ஷாப்தான் இருக்கே?”

“ஒர்க்‌ஷாப்ல இருக்கறவன் யாருன்னு கேட்டா ‘அவரு ரேஸ் ஓட்டறவரு’ம்பாங்க சார். அது போயிருச்சுன்னா நான் வெறும் பஞ்சர் ஒட்டறவனுங்க.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டு இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இரண்டாம் சுற்று. திருமூர்த்தி நான்காவது. எனக்கு முழங்கால் வலி, அதனால் வழக்கம்போல் மூன்றாம் திருப்பத்தில் வேலிக்கு வெளியே இருக்கிற வேப்பமரத்தடியில் நின்றேன். தடம் முழுக்க நிழல் இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

பந்தயம் முடிந்து திருமூர்த்தி ஹெல்மெட்டோடு அங்கேயே வந்தார். கூட அவர் மனைவி தங்கமணி, தூக்குவாளியில் மோர். எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

“நாலாவதுக்கு என்னங்க சார் போடுவாங்க?”

“மூணு பேர் பேர் போடுவாங்க. அதுக்கப்புறம் ‘மற்றும் பலர் பங்கேற்றனர்’.”

“நான் பலருங்க” என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள், “வூட்டுக்கு வந்தா ஒருத்தருதான், வாங்க” என்றார். சிரித்தோம்.

பேச்சுவாக்கில் நானும் ஏதோ சொன்னேன். என்ன பண்ணினாலும் படம் வராது, வண்டி கவிழ்ந்தால்தான் வரும், அப்போது ஒரு இஞ்சுகூட வெட்டாமல் முதல் பக்கத்தில் போடுவான் என்று. பந்தயம் எழுதுகிற எல்லோரும் சொல்கிற பழைய ஜோக்தான். தங்கமணி, “வாயக் கழுவுங்க சார்” என்று கோபித்துக்கொண்டார். மோர் நன்றாக இருந்தது, கொத்தமல்லி போட்டிருந்தார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

“...மற்றும் பலர் பங்கேற்றனர்.” படம் இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

மோட்டார் ஒரேயடியாக நின்றுவிட்டது. வசந்தா காலையிலிருந்து பக்கத்து வீட்டில் குடம் குடமாகப் பிடித்து வருகிறாள். நான் வீட்டில் இருப்பதே அவளுக்குக் குற்றமாகத் தெரிகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் பாட்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஸ்கூட்டர் பிரேக் கட்டை தேய்ந்துபோய், திருமூர்த்தி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பந்தயக் காரை ஜாக்கியில் தூக்கி வைத்து, அடியில் படுத்துக்கொண்டு ஏதோ தகடு முறுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். கடை வாசலில் மாட்டுகிற பழைய மணியருவி போர்டு. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை அளவாக வெட்டி, வயிற்றுக்குக் கச்சை கட்டினாற்போல் பொருத்தியிருந்தார்.

“இது எதுக்கு?”

“கல்லு அடிக்காம இருக்கறதுக்குங்க சார். டீலர் கடையில வீணாக் கெடந்துச்சு, கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“எழுத்துப் பக்கம் ரோட்டைப் பாத்து இருக்கே? திருப்பிப் போட்டிருக்கலாமே.”

“பெயிண்ட் பக்கம் வழுவழுன்னு இருக்கும். காத்துக்கு நல்லதுங்க.”

எனக்கென்ன தெரியும் காற்றைப் பற்றி. எழுத்துக்குப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் வேறு அடித்திருந்தார். துருப்பிடிக்காமல் இருக்கவாம்.

பிரேக் கட்டை மாற்றிக்கொண்டே கேட்டார்: “இந்த ஞாயித்துக்கெழமை வேப்பமரத்துக்கிட்டதானுங்க நிப்பீங்க?”

“வேற எங்கய்யா நிழல் இருக்கு?”

“மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமாங்க?”

என்ன கேள்வி இது என்று நினைத்தேன். இந்தப் பக்கம்தான், வேலிக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிறது, அதில் உட்காருவேன் என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பந்தயத்துக்குப் போகவில்லை. வசந்தாவின் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா, பொள்ளாச்சியில். போகாவிட்டால் தண்ணீர்க் குடத்தை என் தலையில் கவிழ்த்திருப்பாள். முடிவை வாட்ஸ்அப்பில் வாங்கி, மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதே நாலு வரி அனுப்பிவிட்டேன். போயிருந்தாலும் அதே நாலு வரிதான். திருமூர்த்தி மறுபடியும் நான்காவது.

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் திருமூர்த்தி போன்.

“நேத்து நீங்க வரலைங்களா சார்?”

“விசேஷம்ப்பா.”

“ஒவ்வொரு ரவுண்டும் வேப்பமரத்தடியப் பாத்துட்டே வந்தனுங்க. கல்லுல ஆளக் காணோம். சரி, இவரில்லாம என்னத்துக்குன்னு நேரா ஓட்டிட்டு வந்துட்டேன்.”

நிருபர் இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்கு உற்சாகம் இருக்காதுதான். மனசுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த முறை சத்தியமாக வருகிறேன் என்றேன். “கண்டிப்பா வரோணுங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

செப்டம்பர் 20, புதன்

பிரசன்னா சொல்லிவிட்டான். அக்டோபரில் உலகக் கோப்பை கிரிக்கெட், பக்கமே போதாது. அடுத்த சுற்றுச் செய்தியோடு கார் பந்தயம் நிறுத்தம். “கிரிக்கெட் முடிஞ்சதும் பாப்போம் சார்” என்றான். கிரிக்கெட் எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது?

இதைத் திருமூர்த்தியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டால் நம்பிக்கொண்டே இருப்பார். சொன்னேன்.

“அப்போ இதுதான் கடைசிங்களா சார்?”

“பேப்பர் வரைக்கும் இதுதான்.”

“நீங்க வர்றீங்கல்லங்க?”

“வர்றேன்.”

“செரிங்க சார். அது போதும்.”

நல்ல மனுஷன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

காலையில் வண்டி பரிசோதனையின்போது அதிகாரி குனிந்து அந்த அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார். “இதென்னப்பா, கடையையே தூக்கிட்டு வந்திருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திருமூர்த்தியும் சிரித்தார். நான் வேப்பமரத்தடிக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார், நானும் காட்டினேன். தங்கமணி வரவில்லை. திருமூர்த்திதான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நன்றாகத்தான் ஓட்டினார். ஐந்தாவது இடம், பிறகு நான்காவது. கடைசிக்கு முந்தைய சுற்றில் மூன்றாம் திருப்பத்துக்குத் தனியாக வந்தார். முன்னால் போகிறவர் வெகுதூரத்தில் இருந்தார், பின்னாலும் பக்கத்தில் யாரும் இல்லை. வழக்கமாக எங்கே பிரேக் பிடிப்பாரோ அங்கே பிடிக்கவில்லை. பின்விளக்கு எரியவே இல்லை. உள்பக்க மேட்டில் ஒரு சக்கரம் ஏறி, கார் அப்படியே எழும்பி, டயர் அடுக்கின் மேல் விழுந்து உருண்டு, மறுபடி உருண்டு, இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. வயிறு என்னைப் பார்த்து இருந்தது. மஞ்சள் எழுத்தில் ‘மணியருவி: நீர் நிற்காது’. புழுதி அடங்கும் முன்பே படிக்க முடிந்தது.

படம் எடுத்தேன். கை தானாக எடுத்தது. எடுத்துவிட்டுத்தான் வேலியைத் தாண்ட வழி தேடினேன். இந்த முழங்காலோடு தாண்டியிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? மீட்புக்காரர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள்.

வெளியே எடுக்கும்போது கண் திறந்திருந்தது. கால் அசையவில்லை. ஸ்ட்ரெச்சரை என் பக்கமாகத்தான் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்தார், ஏதோ கேட்பது மாதிரி உதட்டை அசைத்தார். ஆம்புலன்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

பிரேக் போயிருக்க வேண்டும். பழைய வண்டி. அதிகாரிகள் ‘ஓட்டுநர் தவறு’ என்று எழுதிவிட்டார்கள், அவர்களுக்கு எல்லாமே ஓட்டுநர் தவறுதான். பிரேக்தான் என்று நான் என் செய்தியில் எழுதினேன்.

பிரசன்னா உடனே கூப்பிட்டான். இத்தனை வருடத்தில் அவனாகக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. “சார், செம படம் சார். முழுசா அனுப்புங்க. முதல் பக்கம்.”

அக்டோபர் 2, திங்கள்

முதல் பக்கம். கீழ்ப்பாதியில் நான்கு பத்தி அகலத்துக்குப் படம். ‘கோவை கார் பந்தயத்தில் பரபரப்பு: கார் உருண்டு வீரர் படுகாயம்’. ஒரு இஞ்சுகூட வெட்டவில்லை.

காரின் வயிற்றில் எழுத்து இருந்த இடம் முழுக்கக் கறுப்பு.

பிரசன்னாவைக் கேட்டேன். “வெட்டினா கார் போயிடும் சார், அதான் மறைச்சேன். எண்ணெய் ஒழுகின மாதிரி இயல்பா வந்திருக்கு பாத்தீங்களா?” என்றான். அவன் சந்தோஷமாக இருந்தான். நான் நன்றாக வந்திருக்கிறது என்றேன். நன்றாகத்தான் வந்திருந்தது, தெரிந்த கண்ணுக்கே தெரியாது.

மாலையில் டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடப்பது கஷ்டம்தான்.

அக்டோபர் 3, செவ்வாய்

மணியருவி மேனேஜர் தேவராஜன் அவராகவே போன் செய்தார். நான் திருமூர்த்திக்காகப் பேசலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“ரொம்ப நன்றிங்க சார். உங்களை மறக்கவே மாட்டேன். அடியில நம்ம போர்டு இருந்துச்சுன்னு டீலர் சொல்லித்தான் தெரியும். நல்லவேளை, பேரை மறைச்சுப்போட்டீங்க. கவுந்த வண்டி மேல நம்ம கம்பெனி பேரு வந்திருந்துச்சுன்னா முதலாளி என்னைத் தொலைச்சிருப்பாரு. அதும் நிக்காம உருண்ட வண்டியில ‘நீர் நிற்காது’ன்னு. நெனைக்கவே ஒடம்பு நடுங்குதுங்க.”

மறைத்தது நானில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

“திருமூர்த்திக்கு...” என்றேன்.

“பாவந்தானுங்க. ஆனா பந்தயமே வேண்டாம்னு நேத்தே முடிவு பண்ணியாச்சு. இனி கபடிக்குக் குடுக்கறோம். உங்களுக்கு நாங்க ஏதாச்சும் பண்ணோணுங்களா சார்?”

வீட்டு மோட்டார் ஒன்றரை மாதமாக ஓடவில்லை என்பது எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அக்டோபர் 4, புதன்

கம்பெனி ஆள் காலையிலேயே வந்து மோட்டாரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஓசியில். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வசந்தா ரொம்ப நாளைக்கப்புறம் என்னிடம் சிரித்துப் பேசினாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். தங்கமணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “பாருங்க சார், எம்புட்டு பத்திரமா ஓட்டறவரு” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எனக்குக் காப்பி வாங்கப் போனார்.

திருமூர்த்தி முகம் சுருங்கி, தாடி வளர்ந்து கிடந்தார். மனைவி வாசலைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“பேப்பர்ல பேரு வந்துச்சுங்களா சார்?”

“வந்துச்சு. முதல் பக்கத்துல வந்துச்சு. சுந்தராபுரம் திருமூர்த்தின்னு.”

“எம் பேரு கெடக்குதுங்க. கம்பெனி பேரு.”

நான் ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று பார்த்தேன்.

“எழுத்து நேரா இருந்துச்சுங்களா சார், தலகீழாங்களா?”

என் போனில் இருக்கிற படத்தில் நேராகத்தான் இருக்கிறது. அதனால் நான் சொன்னது பொய் இல்லை.

“நேராத்தான் இருந்துச்சு.”

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. மூன்றாவதாக வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படிப் பார்த்ததில்லை. “எடப்பக்கம் சாஞ்சாத்தான் நேராத் தெரியுமுங்க. வலப்பக்கம் சாஞ்சிருமோன்னுதான் பயந்துட்டே இருந்தேன். ஒரு பேப்பர் கொண்டாங்க சார், மேனேஜர் வந்தாருன்னாக் காட்டோணும்.”

தங்கமணி காப்பியோடு வந்துவிட்டார். பேச்சு நின்றுவிட்டது. வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், அந்த மயக்கத்தில் ஏதேதோ சொல்கிறார். காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தேன். நாளைக்குப் பேப்பர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

போகவில்லை. மழை.

அக்டோபர் 11, புதன்

இன்றும் போக முடியவில்லை. மாவட்டப் பள்ளிகள் கோகோ போட்டி. எனக்குக் கோகோவில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை, ஆனால் படம் போட்டார்கள்.

அக்டோபர் 17, செவ்வாய்

தங்கமணி ஆபீசுக்கு வந்தார். ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள். மாடியிலிருந்து இறங்கிப் போகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

“பேப்பர் பேப்பர்னு கேட்டுக்கிட்டே இருக்காருங்க சார். தெருவுல யாரும் அன்னைக்குப் பேப்பரை எடுத்து வெக்கலை. அதான் உங்ககிட்டயே வாங்கிட்டுப் போலாம்னு.”

பழைய பிரதி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ரிசப்ஷன் பெண் முந்திக்கொண்டு, “இருக்கு மேடம்” என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். தங்கமணி அங்கேயே விரித்துப் பார்த்தார். கவிழ்ந்த காரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு விரலை வைத்தார்.

“இங்க என்னங்க கருப்பா?”

“ஆயில்.”

“இந்த எடத்துல ஆயில் எப்புடிங்க தெரியும்? போர்டுத்தகடுல்ல போட்டிருந்தாரு? நாந்தானுங்களே அதுக்கு மஞ்சப் பெயிண்ட் கலக்கிக் குடுத்தேன். ராவெல்லாம் குந்தி எழுத்தெழுத்தா அடிச்சாரு. எதுக்குங்க அடியில போய் இத்தனை பாடுன்னு கேட்டதுக்குச் சிரிச்சாரு.”

அவர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வேப்பமரத்தடியில் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாயைக் கழுவுங்கள் என்று சொன்னபோது பார்த்த அதே பார்வை, ஆனால் இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

பேப்பரை மடித்து மேசையில் வைத்தார்.

“இது வேண்டாமுங்க. கெடைக்கலீன்னு சொல்லிக்கறேன்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. குடை இல்லாமல் போனார். கூப்பிட்டுக் குடை கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. நாளைக்குப் பேப்பர் கிடையாது. வசந்தா மோட்டாருக்குப் பொட்டு வைத்து, பூ சுற்றி, சூடம் காட்டினாள். ஸ்கூட்டருக்கும் எலுமிச்சம்பழம். ஆபீஸ் பூஜைக்குச் சுந்தராபுரத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒர்க்‌ஷாப் ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டர் மேலேயே மூன்று விரலால் திருநீறு போட்டிருந்தார்கள். பக்கத்தில் தார்ப்பாய் மூடி, ஒருக்களித்துச் சாய்த்தபடியே போட்ட கார். காற்றில் ஓரம் தூக்கி, மஞ்சளாகக் கொஞ்சம் தெரிந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பழைய கார் வகுப்பை அடுத்த சீசனிலிருந்து எடுத்துவிடுகிறார்களாம். ஆளும் வருவதில்லை, பேப்பரிலும் வருவதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். எட்டு வரி எழுதி அனுப்பினேன். பிரசன்னா, “யாருக்கு சார் இது?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை.

தேவராஜன் அடுத்த வருட டைரியை இப்போதே ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை கெட்டி அட்டை. மேசைக்காலுக்குச் சரியாக இருக்கிறது.

இந்தப் பக்கத்தோடு இதை முடித்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் எழுதிவிட வேண்டும். வண்டி கவிழ்ந்தால்தான் படம் வரும் என்று நான் திருமூர்த்தியிடம் மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களெல்லாம் சிரித்துவிட்டுப் போய் நேராகத்தான் ஓட்டினார்கள்.